வராந்தா காலியாக இருக்க வேண்டும்

டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது, மேடம். எங்கள் ஜெயில் கேன்டீனில் இத்தனை வருஷமாகக் குடிக்கிறேன், ஒரு நாளும் இப்படி வாய்த்ததில்லை. ஒரு நாள் சர்க்கரைப் பாகு, மறுநாள் கழுநீர். எத்தனை ஸ்பூன் வேண்டும் என்று கேட்டுப் போட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் நீங்கள் வேறு ஆள் என்று புரிந்தது. உங்களுக்கு முன்னால் விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் ஐயா மேசையைக் குத்து குத்தென்று குத்தினார். "சொல்றியா இல்லையா?" என்றார். அதே கேள்வியை நான் ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்த மனிதரிடம் என்ன பேசுவது? அவருக்குக் கை வலிக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் "உங்க போக்குலயே சொல்லுங்க" என்றீர்கள். சரி, என் போக்கிலேயே சொல்கிறேன்.

நான் தலைமை வார்டர். யார் எங்கே நிற்பது, எந்தக் கதவை எப்போது திறப்பது, எவனுக்கு எந்த வேலை, எல்லாம் என் கையில். எனக்கு மேலே சூப்பிரண்டு ஐயா இருக்கிறார். மேலே என்றால் மாடியில். கீழே சத்தம் கேட்டால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். அது ஏறினால் அவர் இறங்க மாட்டார். ஆகவே கீழே நான்தான் எல்லாம்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியாட்களிடம் சொல்வதில்லை, நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். கலாட்டா செய்கிறவன், கூரைமேல் ஏறி உட்காருகிறவன், யாரையாவது பிடித்து வைத்துக்கொள்கிறவன், எவனாக இருந்தாலும் கடைசியில் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? வந்ததும் சட்டையைக் கழற்றச் சொல்வோம். வராந்தாவில் இரண்டு வரிசையாக நிற்போம், ஆளுக்கொரு லத்தியோடு. அவன் நடுவில் நடந்து போவான். மற்ற பிளாக்குக்காரர்கள் பார்க்கட்டும் என்று ஜன்னல்களைத் திறந்து வைப்போம். எங்களுக்குள் இதற்கு 'மரியாதை' என்று பெயர். ஒருவனுக்கு மரியாதை செய்துவிட்டால் அப்புறம் பல மாதத்துக்கு ஜெயில் பள்ளிக்கூடம் மாதிரி அமைதியாக இருக்கும். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு மேலிடம் ஒரு முட்டுக்கட்டை போட்டது. ஜெயிலுக்கு ஒரு ஆள் பேச்சுவார்த்தைப் பயிற்சிக்குப் போக வேண்டுமாம். கைதி யாரையாவது பிடித்து வைத்துக்கொண்டால் அடிதடி இல்லாமல் பேசியே வெளியே கொண்டுவர வேண்டுமாம். யாரை அனுப்பலாம் என்று என்னைக் கேட்டார்கள். நூலகப் பொறுப்பில் ஒரு ஒல்லிக்குச்சி வார்டர் இருந்தான், இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. அவனை அனுப்பினேன். திரும்பி வந்ததும் 'பேச்சு' என்று பெயர் வைத்தோம். பேச்சு வந்தாச்சா, பேச்சு சாப்பிட்டாச்சா என்று கேட்டுக் கேட்டு அவன் சொந்தப் பெயரே எனக்கு மறந்துவிட்டது.

அவன் எங்களுக்கு வகுப்பெடுத்தான். எதிராளி கடைசியாகச் சொன்ன வார்த்தையை நாம் திருப்பிச் சொல்ல வேண்டுமாம், அவனே மேலே பேசுவானாம். குறுக்கே பேசக் கூடாதாம், இல்லை என்று சொல்லக் கூடாதாம், குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டுமாம். பின்வரிசையிலிருந்து கேன்டீன் பொறுப்பு வார்டர் எழுந்தான்.

"எனக்குப் பசிக்குது" என்றான்.

"பசிக்குதா?" என்றான் பேச்சு.

"ஆமாய்யா, காலையிலேருந்து."

"காலையிலேருந்து…"

"யோவ், சோத்தைப் போடுய்யா மொதல்ல!"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தோம். பேச்சுவும் சிரித்தான், பாவம். "ஆடிக் கறக்கற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கற மாட்டைப் பாடிக் கறக்கணும்ணே" என்றான் என்னைப் பார்த்து. "உதைக்கிற மாட்டை?" என்று கேட்டேன். "அதுக்கும் பாட்டுதாண்ணே" என்றான். இவனை எல்லாம் வைத்துக்கொண்டு ஜெயில் நடத்த வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் சூப்பிரண்டு ஐயா, பேச்சுவார்த்தையில் நம்பிக்கை உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றார். எல்லாரும் தூக்கினோம். நான் இரண்டு கையையும் தூக்கினேன். பிறகு கேன்டீனில்தான் நிஜக் கருத்து வந்தது. பேசினால் தலைமேல் ஏறுவான், இன்றைக்கு ஒருவனுக்கு டீ கொடுத்தால் நாளைக்கு ஊரே டீ கேட்கும், இப்படி. என் மச்சான் மட்டும் வடையைக் கடித்தபடி, "எல்லாம் சரிப்பா. என்னைப் புடிச்சு வெச்சா மட்டும் கொஞ்சம் பேசிப் பாருங்க. எனக்குப் புள்ளைங்க இருக்கு" என்றான். அதற்கும் சிரித்தோம்.

மச்சான் என்றால் என் ஒரே தங்கையின் புருஷன். ஜெயில் மருந்தகத்தில் கம்பவுண்டர். அந்தக் கல்யாணத்தை முடித்தது நான், அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான். தலைவலி, வயிற்றுவலி, மனவலி எதற்கும் ஒரே வெள்ளை மாத்திரைதான் கொடுப்பான். கைதிகள்கூட அவனிடம் கோபப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

இனி டெய்லர். ஆயுள் கைதி. தையல் கூடத்தை நடத்துவது அவன்தான், எங்கள் எல்லாருடைய யூனிஃபார்மும் அவன் தைத்தது. என் இடுப்பு வருஷா வருஷம் பெருப்பதை அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை, பேன்ட்டைப் பிரித்து விட்டுக் கொடுத்துவிடுவான். நாகரிகமான ஆள். அவனுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. வெளியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் காவலுக்கு ஆள் வேண்டும். ஆள் இல்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன். சூப்பிரண்டு ஐயா புது குவார்ட்டர்ஸுக்குக் குடிபோய்க்கொண்டிருந்தார். என் வார்டர் பசங்களெல்லாம் அங்கே பீரோ தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

பீரோவா என்று கேட்கிறீர்களா? ஆமாம், பீரோ. தேக்குப் பீரோ, நான்கு பேர் வேண்டும். பல்லா பீரோவா என்று வந்தால் எந்தத் தலைமை வார்டரும் பீரோவைத்தான் சொல்வான். "பல்லு வலியில எவனும் செத்ததில்லடா" என்று டெய்லரிடம் சொன்னேன். அப்போது அது உண்மைதான்.

மறுநாள் காலை டெய்லர் மருந்தகத்துக்குப் போனான். மச்சான் வெள்ளை மாத்திரையை நீட்டியிருக்கிறான். டெய்லர் இடுப்பிலிருந்து துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து மச்சான் கழுத்தில் வைத்துவிட்டு, கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான் சம்பவம். சொன்னால் சிரிப்பார்கள், ஒரு பல்லுக்காக.

பேச்சு ஓடி வந்தான். மருந்தக ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னான். முதல் தடவையாக அவன் எனக்கு உத்தரவு போட்டான், சூப்பிரண்டு ஐயாவும் மாடியிலிருந்து போனில் அதற்குச் சரி என்றார். நாங்கள் லத்தியை ஊன்றிக்கொண்டு கொட்டாவி விட்டோம்.

"வலிக்குதா?" என்று கேட்டான் பேச்சு.

"வலிக்குது சார்."

"ரொம்ப வலிக்குது…"

"செவுத்துல தலையை முட்டிக்கறேன் சார். அந்த வலி இந்த வலியை மறைக்குது."

இப்படியே போயிற்று. டெய்லர் பல்லைச் சொன்னான், பீரோவைச் சொன்னான், பார்க்க வராத மகளைச் சொன்னான், கடைசியில் அழுதான். பேச்சு ஜன்னல் வழியாக டீ அனுப்பினான். வீங்கின வாயால் டெய்லருக்குக் குடிக்க முடியவில்லை, மச்சானிடம் கொடுத்துவிட்டான். உள்ளேயிருந்து மச்சான் குரல் வந்தது. "மச்சான், கேன்டீன்காரன்கிட்ட சொல்லு, சர்க்கரை கம்மி!" கத்தரிக்கோல் கழுத்தில் இருக்கும்போதும் அவனுக்கு நாக்கு அடங்காது. நின்ற பசங்களில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்கள் லத்தியைச் சுவரில் சாய்த்து வைத்ததையும் நான் கவனித்தேன். கவனிப்பதுதானே என் வேலை.

மத்தியானத்துக்குள் கனிந்துவிட்டது. பல் டாக்டருக்குச் சொல்லியாயிற்று. வேன் வாசலில் வந்து நின்றது. டெய்லர் கேட்டது இவ்வளவுதான். சட்டையோடு நடந்து போய் வேனில் ஏறுவான். மரியாதை கூடாது. வராந்தா காலியாக இருக்க வேண்டும். கதவைத் திறந்து, காலியாக இருப்பதைப் பார்த்து, கத்தரிக்கோலை வாசற்படியில் வைத்துவிட்டு மச்சானை விட்டுவிடுவான். பேச்சு சரி என்றான். டெய்லர் நம்பவில்லை.

"நீங்க நல்லவரு சார். ஆனா உங்க பேச்சை இங்க யாரு கேப்பா? பெரியவரு வந்து சொல்லட்டும்."

பெரியவர் என்றது என்னை. பாருங்கள், காலையிலிருந்து ஸ்டூலில் உட்கார்ந்து தொண்டை வற்றப் பேசியவன் அவன், கடைசியில் வாக்குக் கொடுக்க நான்தான் வேண்டியிருந்தது. ஜன்னலுக்குப் போனேன்.

"ஐயா, யாரும் தொட மாட்டாங்கன்னு சொல்லுங்க."

"யாரும் தொட மாட்டாங்க."

"வராந்தாவுல யாரும் நிக்க மாட்டாங்கன்னு சொல்லுங்க."

"நிக்க மாட்டாங்க. வாப்பா, பல்லைப் பார்க்கலாம்."

அவன் கும்பிட்டான். மச்சான் அவன் தோளுக்குக் கீழேயிருந்து என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான். பேச்சு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிண்ணே. நீங்க வர மாட்டீங்கன்னு பயந்தேன்" என்றான். கண்ணில் தண்ணீர் வேறு.

வராந்தாவில் நிற்க மாட்டார்கள் என்றுதான் சொன்னேன். நிற்கவில்லை. வராந்தாவை ஒட்டிப் போர்வை அடுக்குகிற அறை இருக்கிறது, அதற்குள் பசங்களை நிறுத்தினேன். விசில் கேட்டால் வெளியே வாருங்கள் என்றேன். கேன்டீன் பொறுப்பு வார்டர் கேட்டான், "கத்தரியைக் கீழ வெச்சப்புறம்தானேண்ணே?" "விசில் கேட்டப்புறம்" என்றேன்.

இங்கேதான் நீங்கள் குறுக்கே பேசாமல் இருக்கிறீர்கள். மற்றவர்களாக இருந்தால் இந்நேரம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார்கள். அதனால் நிதானமாகவே விளக்குகிறேன்.

அவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவன் யார்? கையில் ஒன்றுமில்லாத பல்வலிக்காரன். அவனைத் தொட்டால் அது குற்றம். பேச்சு சாட்சி, காயத்தைப் பார்க்கப்போகிற பல் டாக்டரும் சாட்சி. அவன் சட்டையோடு நான்கு பிளாக்குக்கு நடுவில் நடந்து போவான். எல்லா ஜன்னலிலும் தலைகள். அன்று சாயங்காலமே ஒவ்வொருவனுக்கும் பல் வலிக்கும். என் பசங்களுக்கோ, இனிமேல் லத்தி எதற்கு, ஸ்டூல் போதுமே என்று தோன்றிவிடும். நாளைக்கு யார் எங்கே நிற்பது என்று பேச்சுவைப் போய்க் கேட்பார்கள். ஒரு பல்லுக்காக மொத்த ஜெயிலையும் கொடுக்க முடியுமா? முடியாது. ஆகவே கத்தரிக்கோல் அவன் கையில் இருக்கும்போதே முடிந்தாக வேண்டும். ஆயுதம் கையில் இருந்தால்தான் எங்கள் அடிக்குக் காரணம் இருக்கும். கணக்கு எளிது.

கத்தரிக்கோல் அப்போது எங்கே இருக்கும் என்று கேட்கிறீர்கள். மச்சான் கழுத்தில்தான். வேறெங்கே?

கதவு திறந்தது. முதலில் மச்சான் முகம், அவனுக்குப் பின்னால் டெய்லர். டெய்லர் இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். வராந்தா துடைத்து வைத்த மாதிரி காலி. பேச்சு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். "அவசரமே இல்ல. மெதுவா வைங்க" என்றான். டெய்லர் முகம் ஒரு பக்கம் பலாப்பழமாக வீங்கியிருந்தது, ஆனால் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். அவன் கை இறங்கத் தொடங்கியது.

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். மச்சான் கண்ணுக்கு மட்டும் நான் தெரிந்தேன். நான் விசிலை வாயருகே கொண்டுபோனேன். மச்சான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். மிக லேசாக, இப்படி. கத்தரிக்கோல் உறுத்தியிருக்கும் என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொல்கிற மாதிரி எனக்குப் படவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் கம்பவுண்டர், முடிவெடுக்கிற ஆள் நான்.

ஊதினேன்.

பசங்கள் பாய்ந்து வந்தார்கள். டெய்லர் பதறினான். இறங்கிக்கொண்டிருந்த கை மேலே போயிற்று. வேண்டுமென்று செய்தானா, பயத்தில் செய்தானா என்று நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்து, அவன் பேச்சுவைப் பார்க்கவில்லை, மச்சானைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

மச்சானை அந்த வேனிலேயே ஏற்றினோம். தயாராக நின்றதால் தாமதமில்லை. ஆஸ்பத்திரி வாசலில் முதலில் ஓடிவந்தது பல் டாக்டர்தான். அவர் என்ன செய்வார், பாவம். டெய்லருக்கு முழு மரியாதையும் நடந்தது. அந்தப் பல்லும் விழுந்துவிட்டது. ஒரு விதத்தில் கேட்டது கிடைத்துவிட்டது அவனுக்கு.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் வார்டர்களில் விசில் சத்தம் கேட்டதாகப் பேச்சு ஒருவன் மட்டும் சொன்னான். என் பசங்கள் யாருக்கும் கேட்கவில்லை. பேச்சு திடீரென்று கத்தியதில் டெய்லர் மிரண்டுவிட்டான் என்றார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, பிள்ளைகள் தாங்களாகவே சொன்னார்கள். பேச்சுவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் அவன்மேல் வழக்கு வருமாம். என் தங்கை அவன் வீட்டு வாசலுக்கே போய் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். "பேசிப் பேசியே என் புருஷனைக் கொன்னுட்டியே பாவி" என்று கத்தினாளாம். அவன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லையாம். பயிற்சி எடுத்தவன் அல்லவா?

சாவு வீட்டில் அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "நீ அங்கதானே இருந்த, அண்ணே?" என்று கேட்டாள்.

"கடைசி வரைக்கும் இருந்தேம்மா" என்றேன்.

அதுவும் பொய்யில்லை. நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை, மேடம். விசில் ஊதியது யார் என்று என்னிடம் ஒழுங்காக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். எல்லாரும் குத்திக் குத்தி மேசையைத்தான் கேட்டார்கள்.

நீங்கள்தான் சொன்னீர்கள், "அந்த எடத்துல முடிவெடுக்கற தைரியம் உங்களைத் தவிர யாருக்கு இருந்திருக்கும்?" என்று. இத்தனை நாளில் அந்த ஒரு வார்த்தையை எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை ஒருத்தன் ஸ்டூலில் உட்கார்ந்து இழுத்ததை ஒரு மூச்சில் முடித்தவன் நான். ஊருக்கு அது தெரியவே போவதில்லை என்று நினைக்கும்போது ஒரு மாதிரி இருந்தது. எழுதிக்கொள்ளுங்கள். விசில் ஊதியது நான். கத்தரிக்கோல் கழுத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் ஊதினேன். என் தங்கை புருஷன் செத்தது என்னால். போதுமா? இன்னொரு டீயா? இது மூன்றாவது, பரவாயில்லை, கொடுங்கள்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் இந்தப் பேச்சு கீச்செல்லாம் கற்றுக்கொண்டு கெட்டுப் போகாதீர்கள். பேசியே ஒருத்தன் வாயிலிருந்து விஷயத்தைப் பிடுங்கிவிடலாம் என்பதெல்லாம் சுத்தக் கதை. என் அனுபவத்தில் நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் ஒரு சின்ன உதவி. என்னை இங்கிருந்து கொண்டுபோகும்போது இந்த யூனிஃபார்ம் சட்டையோடேயே போகிறேனே. வெளியே பெஞ்சில் என் தங்கை உட்கார்ந்திருப்பாள், வரும்போது பார்த்தேன். வராந்தா காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவேன்.